பைக் மொபைல் ஹோல்டர்: பிடிப்பு சூப்பர், டப்பால இருக்க படம்தான் கடுப்பு

ஹேண்டில்பார்ல மாட்ற மெட்டல் ஹோல்டர், நாலு மூலையும் கவ்வுற டைப், ஆலன் கீ கூடவே வருது, மெக்கானிக்லாம் தேவையில்ல நாமளே மாட்டிக்கலாம். பிடிப்புல குறையே இல்ல, வேளச்சேரி பள்ளத்துல எல்லாம் இறக்கி ஏத்தியாச்சு போன் அசையல. அதிர்வ உறிஞ்சுற ரப்பர் டாம்பர் இல்லாத சீப் மாடல் மட்டும் வேணாங்க, பைக் இன்ஜின் அதிர்வு தொடர்ந்து பட்டா ஐபோன் கேமரா கெடலாம்னு ஆப்பிளே 2021ல சொல்லிருக்கு.

மேப்புக்கு இது வேணும்தான், கத்திப்பாரா மேல ஏறிட்டு எந்த லூப்னு யோசிச்சா பின்னாடி வர்றவன் ஹாரன்லயே கொன்னுடுவான். வழி பாக்க மட்டும், கவனம் சிதறாத மாதிரி போன் வச்சுக்கலாம்னு 2020ல ரூல்லயே மாத்திட்டாங்க. மத்ததுக்கு கையில எடுத்தா மோட்டார் வாகன சட்டம் 184, முதல் தடவையே 5,000 ரூபா வரைக்கும் ஃபைன், ஜெயிலும் உண்டு.

ஆனா டப்பா படத்துல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே ஓட்டுறான், ஸ்கிரீன்ல வீடியோ கால்! யாருப்பா இத ஓகே பண்ணது?

இன்னொரு தொல்ல, இது ஹோல்டர் தப்பு இல்ல. வாட்ஸ்அப் மெசேஜ் வந்தா மேல ஒரு பட்டை விழும்ல, மேப்ல எந்தப் பக்கம் திரும்பணும்னு காட்டுறதும் அதே இடம்தான். அம்புக்குறி மறைஞ்சு "மச்சி எங்க இருக்க"னு நிக்கும், வேணாம்னாலும் கண்ணு படிச்சிடும். 50ல போறப்ப 3 செகண்ட் கீழ பாத்தா 40 மீட்டர் ரோட்ட பாக்காமலே ஓட்டிருக்கோம், ராங் சைடுல வர்ற ஒரு ஆக்டிவாக்கு அது தாராளம்.

கையில தொடல ப்ளூடூத்துதான்னு சொல்றவங்களுக்கு, அமெரிக்கால ரோடு சேஃப்டி ஆராய்ச்சி பண்ற ஏஏஏ ஃபவுண்டேஷனுக்காக யூட்டா யுனிவர்சிட்டி ஆளுங்க கார் வாய்ஸ் கமாண்டெல்லாம் டெஸ்ட் பண்ணி 2015ல ரிசல்ட் விட்டாங்க, பேசி முடிச்சும் கவனம் முழுசா திரும்ப 27 செகண்ட் வரைக்கும் ஆகுதாம். 40ல போனாலே அது 300 மீட்டர், நடுவுல ஒரு சிக்னலே வந்து போயிடும்.

அதனால வாங்குங்க, கிளம்பும் முன்னாடியே அட்ரஸ் போட்டுட்டு டூ நாட் டிஸ்டர்ப் ஆன் பண்ணிடுங்க. டெலிவரி ஓட்டுற தம்பிங்களுக்கு இந்த ஐடியாவும் வேலைக்கு ஆகாது, அடுத்த ஆர்டர் வண்டி ஓடும்போதே வந்து விழும், எடுக்கலன்னா காசு போச்சு. அத அந்த ஆப் கம்பெனிங்கதான் சரி பண்ணணும்.

ஹோல்டருக்கு 4 ஸ்டார். ஒண்ணு கொறச்சது அந்த வீடியோ கால் படத்துக்கு.