பிள்ளையை முதலில் பாஸ்டனுக்கு அழைத்துப் போவதா, ஃபிலடெல்ஃபியாவுக்கா?

நியூ ஜெர்சியில் இருக்கும் எங்களுக்கு ஃபிலடெல்ஃபியா பக்கம். காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பாஸ்டன் என்றால் நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும், ஒரு ராத்திரி தங்க வேண்டும், அறை வாடகையும் கொஞ்சநஞ்சம் இல்லை. அப்படியும் மூன்றாம் வகுப்பில் இருந்த மகளுக்கு, பிரிட்டிஷ் ஆட்சியை உதறிய அமெரிக்கப் புரட்சி நடந்த இடங்களைக் காட்ட நாங்கள் முதலில் போனது பாஸ்டனுக்குத்தான். ஃபிலடெல்ஃபியா அடுத்த கோடையில். இரண்டையும் பார்த்த பிறகும் அந்த வரிசை சரி என்றே நினைக்கிறேன்.

தலைநகர் வாஷிங்டனை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் அருமை, நுழைவும் இலவசம். ஆனால் புரட்சி நடந்தபோது அந்த நகரமே கிடையாது.

நடைக்கு இரண்டு ஊரும் வசதிதான். ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திர மணியும் சுதந்திர மண்டபமும் எதிரெதிரே இருக்கின்றன. மண்டபத்துக்குள் போக மட்டும் ஆண்டின் பெரும்பகுதியில் நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். பாஸ்டனில் பூங்காவில் தொடங்கி, புரட்சிப் போரின் நினைவுத் தூண் நிற்கும் பங்கர் ஹில் வரை நான்கு கிலோமீட்டருக்குத் தரையில் சிவப்புக் கோடு போகிறது, வழியில் 16 இடங்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளை முன்னால் போகும், நாம் பின்னால் போனால் போதும். கடைசியில் வரும் பங்கர் ஹில் தூணில் 294 படிகள். களைத்த காலோடு அதில் ஏற வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. பாஸ்டனில் நடந்ததை எட்டு வயதுப் பிள்ளை நடித்துக் காட்டலாம். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள், வரியை எதிர்த்த ஊர்க்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், பிரிட்டிஷ் படை நீர்வழியாக வருகிறது என்று தேவாலயக் கோபுரத்தில் இரண்டு விளக்குகளை ஏற்றிக் காட்டினார்கள். ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது விவாதமும் கையெழுத்தும். 1776-இல் சுதந்திரப் பிரகடனம், 1787-இல் அரசியலமைப்புச் சட்டம் என்று இரண்டு பெரிய காரியங்கள் சுதந்திர மண்டபத்தின் ஒரே அறையில் நடந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மகள் சுற்றிப் பார்த்துவிட்டு, “மேசை நாற்காலிதானேம்மா இருக்கு?” என்றாள்.

பாஸ்டனில் பழைய அரசு மாளிகைக்கு முன்னால் தரையில் கல் பதித்த வட்டம் ஒன்று இருக்கிறது. 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதில் ஐந்து பேர் இறந்ததன் அடையாளம் அது. அந்த ஐவரில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், கறுப்பின, பழங்குடி வம்சாவளிகளில் வந்தவர். இந்தச் சம்பவத்தைப் பிரிட்டனை எதிர்த்த பாஸ்டன் தட்டான் பால் ரெவியர் செதுக்கிப் பரப்பிய படத்தை வீட்டிலேயே அச்செடுத்துக் கொண்டு போயிருந்தேன். அதில் சிப்பாய்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கிறார்கள், பின்னால் தளபதி வாளை ஓங்கி உத்தரவிடுகிறார், சுங்கக் கட்டடத்தின் மேல் ‘கசாப்புக் கூடம்’ என்று பலகை வேறு. அப்புறம் வழக்கைச் சொன்னேன். சிப்பாய்களுக்காக வாதாடிய ஜான் ஆடம்ஸ் பிற்பாடு நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர், பிரிட்டனை எதிர்த்த மக்கள் பக்கம் நின்றவர். தளபதி விடுதலை ஆனார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேரும் விடுதலை. இரண்டு பேருக்கு மட்டும் கட்டைவிரலில் சூடு.

“அப்போ இந்தப் படம் பொய்யாம்மா?” என்று கேட்டாள். ஒரு பக்கத்து ஆட்கள் வரைந்த படம் என்றேன். வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கூட்டம் எங்கே நின்றது, சிப்பாய்கள் எங்கே நின்றார்கள் என்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தக் கேள்விக்காக இன்னும் இரண்டு ராத்திரி வாடகை கொடுத்திருப்பேன்.

தேயிலைக் கதையில் நமக்கும் ஒரு நூல் இருக்கிறது. 1773 டிசம்பரில் கடலில் போன 342 பெட்டிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. சென்னையில் தாத்தாவோடு போய்ப் பார்த்த ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கம்பெனி என்றதும் அவள் நின்றுவிட்டாள். (துறைமுகத்தில் தேயிலைக் கப்பல்களின் மாதிரிகளோடு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் உள்ளே போகவில்லை, அதனால் அதைப் பற்றி நான் பேசக் கூடாது.)

ஆனால் அடிமை முறையைச் சொல்லிக் கொடுக்க ஃபிலடெல்ஃபியாவே மேல். சுதந்திர மணிக்குப் பக்கத்திலேயே, முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் பதவியில் இருந்தபோது குடியிருந்த வீடு நின்ற இடம். அங்கே ஒன்பது பேரை அவர் அடிமைகளாக வைத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்த அடிமைகள் பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கேட்கலாம் என்பது அன்றைய சட்டம். அந்தக் கெடு முடிவதற்குள் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பி அனுப்பித் திரும்ப வரவழைத்தார். ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796-இல் தப்பி ஓடினார், கடைசிவரை பிடிபடவே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் இதற்காகவே ஃபிலடெல்ஃபியாவை முதலில் வைக்கலாமோ என்று தோன்றுகிறது. எங்களுக்கு ஒரே பிள்ளை, அவளும் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பாஸ்டனில் நாங்கள் தவறவிட்டதும் கறுப்பின மக்களின் அந்தப் பக்கத்தைத்தான். உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படையான 54-ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் நினைவுச் சிற்பம் பூங்கா ஓரத்திலேயே இருக்கிறது. கறுப்பின மக்களின் வரலாற்று நடைபாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாங்கள் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விட்டோம். நீங்கள் போனால் அதற்கு அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.