சென்சார் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டா ஆன்லைனா: ஒரு தீவுக்காரன் கணக்கு

ராமேஸ்வரம் தீவுல, தங்கச்சிமடம் கரையில ஒரு பழைய வல்லத்தை நிறுத்தி, ஆள் கிட்ட வந்தா உள்ள எல்இடி அலை மாதிரி ஓடி சங்கு ஊதுற மாதிரி ஒரு செட்டப் பண்ணோம். பார்ட்ஸ் எல்லாம் முதல் தடவை ஆன்லைன், ரெண்டாவது தடவை சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட். நான் ரிச்சி ஸ்ட்ரீட் கட்சி, முன்னாடியே சொல்லிடுறேன்.

முதல்ல ஆன்லைன் போனதுக்கு காரணமே பாம்பன் பாலம்தான். 2022 டிசம்பர்ல தீவுக்கு ரயில் நின்னுபோச்சு, 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் திறக்குற வரைக்கும் மண்டபம் போய்த்தான் ஏறணும், யாரு அலையுறதுன்னு வீட்ல உக்காந்தே ஆர்டர் போட்டேன்.

விலையெல்லாம் பெருசா வித்தியாசம் இல்ல, டிக்கெட்டை சேத்தா ரிச்சி ஸ்ட்ரீட்தான் செலவு ஜாஸ்தி. எல்லாத்தையும் ஓட்டுற ஈஎஸ்பி32 போர்டு, டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்ட்ரிப் எல்லாம் எங்க வாங்குனாலும் ஒண்ணுதான். பவர் சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் வேணாம், முழு வெள்ளையில ஒரு எல்இடிக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 100 எல்இடின்னா 6 ஆம்பியர்.

எனக்கு விஷயத்தை முடிச்சு வெச்சது உப்பு. கச்சான் காத்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே எச்.சி-எஸ்ஆர்04 சென்சார், அதான் சத்தத்தை அனுப்பி தூரம் அளக்குற, ரெண்டு கண்ணு மாதிரி இருக்குமே அது, வலை துருப்பிடிச்சு பின்னெல்லாம் பச்சை பூத்து, ஆளே இல்லாம நடுராத்திரில சங்கு ஊத ஆரம்பிச்சிருச்சு, பக்கத்து வீட்டு அப்பத்தா திருநீறோட வந்து நின்னுச்சு. சரி மாத்துவோம்னு அதே சைட்ல அதே பக்கத்துல திரும்ப ஆர்டர் போட்டா, பேரு அதே, படம் அதே, வந்த போர்டு வேற! பலகையில போட்ட ஓட்டைக்கு உக்காரல, அளவும் பழசு மாதிரி வரல, புரோகிராம்ல தூர எல்லையை எல்லாம் மறுபடி மாத்தினேன். ஏமாத்துறாங்கன்னு சொல்லல, ஒரே நம்பர்ல பல ஃபேக்டரி போர்டு போடுறாங்க, கடைக்காரருக்கு எது வருதோ அதைத்தான் அனுப்புவாரு. வீட்டுக்குள்ள வைக்கிற வேலைன்னா இது ஒரு பிரச்சனையே இல்ல, கடல் பக்கம் சென்சாரை மாத்திக்கிட்டேதான் இருக்கணும், அதனால இங்க அதான் பெரிய பிரச்சனை.

ரிச்சி ஸ்ட்ரீட்ல "அண்ணே ஒரே லாட்டா குடுங்க"ன்னு கேட்டு, கவரைப் பிரிச்சு கவுண்டர்ல பரப்பி, பிரிண்ட் ஒண்ணா இருக்குற எட்டு பீஸ் பொறுக்கி எடுத்தேன். அந்த அண்ணந்தான் "கடல் பக்கமா? இத எடுங்க தம்பி"ன்னு ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி காட்டுனாரு, கார் பார்க்கிங் சென்சார் மாதிரி வயர் நுனியில ஒத்தத் தலை. அந்தத் தலை மட்டும்தான் தண்ணி தாங்கும், போர்டு தாங்காது, அதை மூடுன டப்பாவுல போட்டு அணியத்துக்கு, அதான் வல்லத்தோட முன்பக்கத்துக்கு, அடியில சொருகிட்டோம். இருபது இருபத்தஞ்சு சென்டிமீட்டருக்குள்ள கை வந்தா அதுக்குத் தெரியாது, அதனால தலையைக் கொஞ்சம் உள்வாங்கி வெச்சோம். இந்த சீசன்ல இதுவரைக்கும் மாத்துனது ஒண்ணுதான், பழைய பீஸைக் கழட்டி புதுசை மாட்டுனேன், புரோகிராமைத் தொடவே இல்ல.

ஆன்லைனை ஒரேடியா ஒதுக்கவும் முடியாது. எல்டி2410 மாதிரி ரேடார் சென்சார் நான் அங்கதான் வாங்குனேன், பிளாஸ்டிக் மூடிக்கு உள்ள இருந்தே ஆளைப் பாத்துரும், ஓட்டையே போட வேணாம், உப்புக்கு இதுதான் சரியான ஆளோன்னு தோணுது. ஆனா நான் ஓட்டுனது ஒரே ஒரு பீஸ், அதுவும் வீட்டுக்குள்ள. வெளிநாட்டு சைட் வேற கதை, அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பர்லயே தடை, மத்ததுல கஸ்டம்ஸ் சேத்தா சின்ன ஆர்டருக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை போயிடாதீங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல முக்காவாசி ஷட்டர் சாத்தியிருக்கும். சனிக்கிழமை ராத்திரி ரயிலேறுன நான் சொல்றேன்.