ஜாதகமா, ஆப்பா, ரயில் பழக்கமா: வேலூர்ப் பக்கம் துணை தேடும் வழிகள்

போன மாதம் குடியாத்தத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, சித்தி மகள் என்னை மொட்டை மாடிக்குத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு 23 வயது. "அக்கா, எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு இல்ல. யாரையாவது பிடிக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் சேர்ந்து நெருக்கும்போது யாரையும் பிடிக்க மாட்டேங்குது" என்றாள்.

எனக்கு 27. அவள் சொன்னது அப்படியே என் கதை. மூன்று வழியிலும் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தவள் என்பதால், அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். எந்த வழியில் நல்ல ஆள் கிடைப்பார் என்பதை வைத்து நான் ஒப்பிடவில்லை. நல்லவர்கள் எல்லா வழியிலும் இருக்கிறார்கள். பதில் சொல்லும் கெடு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் வீட்டு வழி. தரகர் ஆகட்டும், பாரத் மேட்ரிமோனி போன்ற திருமணத் தளங்கள் ஆகட்டும், நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பா அம்மாதான் கையாள்கிறார்கள். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு: வருகிறவர் எதற்கு வருகிறார் என்பதில் குழப்பமே இல்லை. வேலை, கடன், குடிப்பழக்கம் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிடுவார்கள். தனி ஆளாக நம்மால் அவ்வளவு தோண்ட முடியாது. ஆனால் கெடு முழுக்க அடுத்தவர் கையில். அரை மணி நேரம் பெண் பார்க்க வருவார்கள், அன்று இரவே "என்ன சொல்றே?" என்று வீடு மொத்தமும் முகத்தைப் பார்க்கும். ஒருவரிடம் பத்து நிமிடம் மாடியில் பேசினேன். இன்னொரு முறை பேச வேண்டும் என்று கேட்டதற்கே பெரிய பேச்சாகிவிட்டது. ஆடி மாதமும் மார்கழியும் எனக்கு நிம்மதியான மாதங்களாகிப் போயின. சம்பந்தப் பேச்சு நின்றுவிடும் அல்லவா? தை பிறந்ததும் மறுபடி தொடங்கும்.

வள்ளிமலைக் கதையை எங்கள் ஆயா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். வேடனாக, வேங்கை மரமாக, கிழவராக முருகன் எத்தனை வேடத்தில் வந்தும் வள்ளி உடனே சரி என்று சொல்லவில்லை. அந்த அவகாசத்தைத்தான் நானும் கேட்டேன்.

அடுத்தது டேட்டிங் ஆப். இங்கே அம்மா கேட்க மாட்டார். ஆனால் போன் கேட்கும். பம்பிளில் இருவருக்கும் பிடித்துப்போனால், 24 மணி நேரத்துக்குள் பேச்சைத் தொடங்காவிட்டால் அந்தப் பொருத்தமே காலாவதி. இதுவும் ஒரு கெடுதான். அப்புறம் நம் ஊருக்கே உரிய சிக்கல். தூரத்தைப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தபோது எனக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இங்குள்ள விஐடி பல்கலைக்கழகத்தில் படிக்க வெளிமாநிலத்திலிருந்து வந்த மாணவர்கள்; படிப்பு முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். தூரத்தைக் கூட்டினால் சென்னை, பெங்களூர் ஆட்கள். மீதி இருந்ததில் ஒன்று என் பெரியப்பா மகனின் நண்பனுடைய முகம். அன்றே கணக்கை அழித்தேன். பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு ஆப் பொருந்தலாம். காட்பாடியில் எனக்குப் பொருந்தவில்லை. முயல்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்: முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும். பணம் கேட்டாலோ, அந்தரங்கமாகப் படம் கேட்டாலோ அத்தோடு முடித்துவிடுங்கள்.

மூன்றாவது வழிக்குப் பெயர் இல்லை. பழக்கம் என்று சொல்லலாம். இரண்டு வருடம் நான் காட்பாடியிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட் எடுத்துச் சென்னைக்கு வேலைக்குப் போய் வந்தேன். ஜோலார்பேட்டையில் ஏறியவர்கள், ஆம்பூரில் ஏறியவர்கள், வாலாஜா ரோட்டில் ஏறுகிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் ஒரே பெட்டியில் சேர்ந்துகொள்வோம். டிபன் டப்பா கை மாறும். ஒருவர் பெயரைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஆனால் அதற்குள் அவர் தூக்கக் கலக்கத்தில் எப்படி இருப்பார், ரயில் அரக்கோணத்தில் நின்று போனால் யார் மேல் எரிந்து விழுவார், கூடை தூக்கி வரும் அம்மாவுக்கு இடம் விடுவாரா என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. பத்துப் பொருத்தத்தில் இதற்கு இடமே கிடையாது. யாரும் பதில் கேட்டு நிற்கவில்லை. பிடிக்காமல் போனாலும் அடுத்த நாள் அதே ரயிலில் சிநேகிதராக ஏறலாம்.

குறை இல்லாமல் இல்லை. மெதுவாக நடக்கும். ஒருவர் மனதில் மட்டும் ஆசை வளர்ந்து வலிக்கவும் செய்யும். சிறிய ஊரில் கோட்டைப் பூங்காவில் சேர்ந்து உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். சாதி வேறாக இருந்தால் நெருக்கடி கடைசியில் மொத்தமாக வரும். வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. இருந்தாலும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிய 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். பயந்துகொண்டிருக்கும் இருவருக்கு அந்த 30 நாள் மிக நீளம். இதையும் அறிந்துதான் இந்த வழியை நான் முதலில் வைக்கிறேன்.

தங்கச்சிக்குச் சொன்னதும் இதுதான். வீட்டு வழியை ஒரேயடியாக மூட வேண்டாம், கெடுவை மட்டும் உன் கைக்கு மாற்றிக் கேள். "ஒருவரை மூன்று தடவையாவது பார்த்துப் பேசாமல் பதில் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அதற்கிடையில் வேலை, நூலகம், சிநேகிதிகளின் வீடு என்று ஆட்களோடு பழகு. துணை தேடுவதற்காகப் போகாதே, பிடித்த வேலைக்காகப் போ.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள். சித்தி கொஞ்ச நேரம் தோசையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "மூணு தடவைதானே, நான் தரகர்கிட்டச் சொல்றேன்" என்றார்.