பானட்டுக்கு ஒன்று, கலப்பைக்கு ஒன்று: டிராக்டருக்கு எந்த பிரைமர், எந்த பெயிண்ட்?

சம்பா அறுவடை முடிந்து, கடைசி நடை வைக்கோலையும் இறக்கிவிட்டால் பங்குனி, சித்திரையில் வண்டிக்குப் பெரிய வேலை இருக்காது. டெல்டாவில் டிராக்டருக்குப் பெயிண்ட் அடிக்கத் தோதான நேரம் அதுதான். வெயில் இருக்கும், பனி இருக்காது. ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பிச் சேறடிக்க இறங்குவதற்குள் பூச்சு கெட்டிப்பட்டுவிடும்.

என்னிடம் இருப்பது பழைய மாஸி 1035, ஒன்பது கொழு கல்டிவேட்டர், ஒரு ரோட்டாவேட்டர், ஒரு டிரெய்லர். பெயிண்ட் கடையில் போய் நின்றால் இரண்டு ஜோடியை எடுத்து வைப்பார்கள். ஒன்று ரெட் ஆக்ஸைடு பிரைமரும் சிந்தெடிக் எனாமலும். இன்னொன்று எபாக்ஸி பிரைமரும் பியூ (பாலியூரிதேன்) பெயிண்டும். இரண்டாவது ஜோடி முதலாவதைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. 'நல்லதாப் பார்த்து எல்லாத்துக்கும் அதையே அடிச்சிருவோம்' என்று போனாலும் தப்பு, 'மண்ணுல கிடக்குற வண்டிதானே' என்று எல்லாவற்றுக்கும் எனாமலை இழுத்துவிட்டாலும் தப்பு. நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

இரும்பின் மேல் முதலில் அடிக்கும் பிரைமரிலிருந்து தொடங்குவோம். ரெட் ஆக்ஸைடில் உள்ள சிவப்பு இரும்பு ஆக்ஸைடு, அதாவது துருவுக்குச் சொந்தக்காரன். அது இடத்தை அடைக்கும், மேல் பெயிண்டுக்குப் பிடிமானம் தரும். ஆனால் துருவை வேதியியல் முறையில் தடுக்கிற வேலை அதனுடையது அல்ல. அதற்குத்தான் சிங்க் குரோமேட்டோ சிங்க் பாஸ்பேட்டோ சேர்க்கிறார்கள். டப்பாவை வாங்கும்போது அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'ரெட் ஆக்ஸைடு' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் நிறம்தான். குரோமேட் வகைக்கு ஐ.எஸ். 2074 என்று இந்தியத் தரநிலையே உண்டு. ஆனாலும் குரோமேட் தூசி புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. அடுத்த முறை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்போவதும் நாம்தான் என்பதால் நான் பாஸ்பேட் கேட்டு வாங்குகிறேன்.

ரெட் ஆக்ஸைடு அடித்ததோடு நிறுத்திவிட்டு ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். அது தண்ணீரை உள்ளே விடும். கட்டி முடிக்காத வீட்டு வாசலில் சிவப்பாக நிற்கும் கேட்டைப் பாருங்கள், ஓரங்களில் துரு பூத்திருக்கும்.

எபாக்ஸி வேறு சாதி. இரண்டு டப்பா: ஒன்று பெயிண்ட், இன்னொன்று அதை இறுக வைக்கும் ஹார்டனர். அளவு பார்த்துக் கலக்க வேண்டும். பெரும்பாலான எபாக்ஸியைக் கலந்ததும் 15 முதல் 30 நிமிடம் சும்மா வைத்திருக்கச் சொல்வார்கள். அதன்பின் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், நம் சித்திரை வெயிலில் அந்த நேரம் இன்னும் சுருங்கும். மிச்சம் டப்பாவிலேயே கல்லாகிவிடும். பிடித்தால் பிடித்ததுதான், தண்ணீர் சுலபமாக ஊடுருவாது. ஆனால் இரும்பு உண்மையிலேயே வெளுத்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிரைண்டரில் ஒயர் பிரஷ் மாட்டித் தேய்த்தால் துரு போவதற்குப் பதிலாகப் பளபளப்பாகி, கருஞ்சிவப்பாக மினுங்கும். பார்த்தால் சுத்தமான இரும்பு மாதிரி இருக்கும். விரலால் தடவினால் கண்ணாடி போல வழுக்கும். அதன்மேல் எபாக்ஸிக்குப் பிடியே கிடைக்காது. 80-ஆம் நம்பர் உப்புத்தாளோ ஃபிளாப் டிஸ்க்கோ போட்டு, சாம்பல் நிறம் தெரிகிற வரை கீறிவிட வேண்டும். குழி விழுந்த துருவை அப்படி எடுக்க முடியாத இடங்களில், கையால் சுரண்டிய பரப்போடு ஓரளவு ஒத்துப்போவது ரெட் ஆக்ஸைடுதான்.

துருவைக் கறுப்பாக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவிவிட்டு அதன்மேல் நேராக எபாக்ஸி அடிக்காதீர்கள். பல கன்வெர்ட்டர்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, மிச்ச அமிலம் எபாக்ஸியின் ஹார்டனரைக் கெடுக்கும்.

எந்த பிரைமர் என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன் டிரெய்லரின் பக்கப் பலகைக்கு நல்ல எபாக்ஸியே வாங்கிக் கொடுத்தேன். பெயிண்டர் தம்பி காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டான். "அண்ணே, டீசல் போட்டுத் துடைச்சாச்சு, அடிச்சிரவா?" என்றான். நானும் சரி என்றேன். அடுத்த பொங்கலுக்கு நகத்தால் நெம்பினால் வாழைச் சருகு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. டீசல் கிரீஸைக் கரைக்கும், ஆனால் தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். இப்போது டீசலில் கழுவினாலும், பிறகு சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஒருமுறை கழுவுகிறேன். அதற்கப்புறம் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக வழிந்து இறங்கினால் சுத்தம். காய்ந்த பிறகு தின்னரில் நனைத்த துணியால் ஒருமுறை, அது உலர்வதற்குள் காய்ந்த துணியால் ஒருமுறை.

மேல் பெயிண்டுக்கு வருவோம். எனாமல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு காய்கிறது. சாயங்காலத்துக்குள் கையில் ஒட்டாது, ஆனால் உள்ளே கெட்டிப்பட வாரக்கணக்கில் ஆகும். பிரஷ் போதும், கம்ப்ரஸர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கேயாவது உராய்ந்துவிட்டால் சின்ன டப்பாவை எடுத்து நாமே தொட்டுவிடலாம். குறை என்னவென்றால் வெயில். சிவப்பு இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்து, கை வைத்தால் இளஞ்சிவப்புப் பொடியாக ஒட்டும். டீசல் டேங்க் மூடியைச் சுற்றி வழிகிற இடம் மெத்தென்று ஆகிவிடும்.

பியூ பெயிண்ட் ஹார்டனரோடு சேர்ந்து இறுகுகிறது. டீசல் பட்டாலும் அசையாது, வெயிலில் நிறம் நிற்கும், மங்கினால் பாலீஷ் போட்டு மீட்கலாம். ஆனால் ஸ்ப்ரே கன் வேண்டும், கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் கலக்காமல் வடிகட்டி வேண்டும். திறந்த ஹார்டனர் டப்பா காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டியாகிவிடும், அடுத்த வருடத்துக்கு என்று வைத்திருக்க முடியாது. இதையெல்லாம்விட முக்கியம், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும், ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலே இழுக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு பியூ அடிக்கிற பையன்களைப் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. துணி முகமூடி இதற்கு ஒன்றும் செய்யாது. ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் குறைந்தபட்சத் தேவை. அது இல்லையென்றால் பியூவை மறந்துவிட்டு எனாமலை எடுத்து பிரஷ்ஷால் அடியுங்கள்.

பட்டறைகளில் டியூகோ என்று சொல்லும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டும் உண்டு. நிமிடங்களில் காயும், தூசி ஒட்டாது. ஆனால் ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூக்கும். டிராக்டருக்கு வேண்டாம்.

பழைய பெயிண்ட் எது என்று தெரியாமல் புதியதைத் தொடாதீர்கள். எனாமல் மேல் பியூவோ டியூகோவோ அடித்தால், அதன் தின்னர் கீழே உள்ளதைக் கடித்து, ஆறிய பாலின் ஆடை மாதிரி சுருக்கிவிடும். மறைவான இடத்தில் தின்னர் துணியைச் சில நிமிடம் ஒட்டி வைத்துப் பாருங்கள். துணியில் நிறம் கரைந்து வந்தால் டியூகோ, தோல் சுருங்கினால் எனாமல், ஒன்றும் ஆகவில்லை என்றால் கம்பெனியில் சூடேற்றி அடித்தது அல்லது பியூ. கம்பெனி பெயிண்ட் உறுதியாக இருந்தால் முழுசாகச் சுரண்ட வேண்டியதில்லை, வாட்டர் பேப்பர் போட்டு மங்கலாக்கி அதன்மேலேயே போகலாம். பழைய பூச்சை எப்போதும் நனைத்தே தேயுங்கள். அதன் தூசியில் காரீயம் இருக்கலாம். பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்று 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி வீட்டுப் பெயிண்டுகளுக்குத்தான், வண்டிப் பெயிண்டுக்கு அல்ல.

இனி எதை எங்கே அடிப்பது என்று பார்ப்போம். பானட், மட்கார்டு: நாள் முழுக்க வெயில் வாங்குகிறவை, மண்ணில் உராயாதவை. எபாக்ஸி, பியூ இங்கே காசுக்குத் தகும். நிறத்துக்கு 'சிக்னல் ரெட்' டப்பா வாங்கினால் மாஸி சிவப்பு வராது. பானட்டின் உட்புறம், வெயில் படாத இடத்தைத் துடைத்து, அதைக் காட்டி மெஷினில் கலக்கச் சொல்லுங்கள்.

கல்டிவேட்டர் சட்டத்துக்கு ரெட் ஆக்ஸைடும் எனாமலும் போதும். வருடா வருடம் கல்லடி படும், வருடா வருடம் தொடுவோம். கொழுவுக்குப் பெயிண்டே வேண்டாம். முதல் ஏக்கரிலேயே மண் அதைத் தேய்த்து வெள்ளியாக்கிவிடும். ஓய்வில் வைக்கும்போது கிரீஸ் தடவினால் போதும், அதைச் சட்டத்தில் வழியவிடாதீர்கள்.

ரோட்டாவேட்டர் மூடியின் உட்புறத்துக்கு நான் செய்தது கடைக்காரருக்கே வேடிக்கையாக இருந்தது. எபாக்ஸி இரண்டு கோட், மேலே நிறமே இல்லை. எபாக்ஸிக்கு உள்ள ஒரே பெரிய சீக்கு வெயிலில் பொடிந்து வெளுப்பது. அங்கேதான் வெயில் படாதே! டிரெய்லரின் அடிச்சட்டத்துக்கும் இதே கணக்கு. தளத்துக்கு எதை அடித்தாலும் செங்கலும் மணலும் சேர்ந்து ஒரு பருவத்தில் வழித்துவிடும், மிச்சமிருந்த எனாமலை அங்கே ஊற்றித் தீர்த்தேன்.

சைலன்ஸருக்கு பிரைமர் கூடாது. சூடு தாங்கும் அலுமினியம் பெயிண்ட் தனியாக விற்கிறது, அதைச் சுத்தமான இரும்பின் மேல் மெல்லிசாக அடித்து, இன்ஜினை ஓட்டிச் சூடேற்றித்தான் இறுக வைக்க வேண்டும்.

அடிக்கிற நேரம் காலை எட்டிலிருந்து பத்து. உச்சிவெயிலில் தகடு கொதிக்கும்போது அடித்தால் தின்னர் பறந்து ஊசித்துளை ஊசித்துளையாக நிற்கும். அடிக்கும் முன் கிரீஸ் நிப்பிள்களுக்கு மாஸ்க்கிங் டேப் சுற்றிவிடுங்கள். நான் மறந்து, பதினோரு நிப்பிள்களிலிருந்தும் காய்ந்த பியூவை ஊசியால் நோண்டி எடுத்தேன்.