தார் பாலையில் வசந்தம்: மரு மகோத்சவமா, தில்வாடா சந்தையா, ஜோத்பூர் கவரா?

பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் ராஜஸ்தான் போனால் எந்தத் திருவிழாவைப் பார்க்கலாம் என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் சொல்லும் பதில் ஜெய்சல்மேர் மரு மகோத்சவம். 'மரு' என்றால் பாலை, அதாவது பாலைத் திருவிழா. தப்பான பதில் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் தார் பாலையில் நடப்பது அது ஒன்று மட்டும் இல்லை. தில்வாடாவில் மாட்டுச் சந்தை உண்டு; ஜோத்பூரில் பெண்கள் கௌரியை வழிபடும் கணகௌர் உண்டு, கௌரிக்கு அங்கே 'கவர்' என்று பெயர். மூன்றையும் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு வேறு பக்கம்.

முதலில் தேதி. நம் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். எல்லாமே திதிக் கணக்கு, ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே வழிகாட்டும். மரு மகோத்சவம் மாக பௌர்ணமியில் முடிகிறது. அது நமக்குச் சில ஆண்டு தைப்பூசத்தை ஒட்டி வரும், சில ஆண்டு மாசி மகத்தை ஒட்டி வரும். 2023-இல் பிப்ரவரி 5, 2024-இல் பிப்ரவரி 24. கணகௌர் எப்போது என்று தெரிய யுகாதியை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள், மூன்றாம் நாள். தில்வாடா சந்தை யுகாதிக்கு ஐந்தாறு நாள் முன்னால், தேய்பிறை ஏகாதசியில் தொடங்கி வளர்பிறை ஏகாதசி வரை நடக்கும். பின்னால் சொன்ன இரண்டும் ஒரே பயணத்தில் அடங்கும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்சல்மேரிலிருந்தே தொடங்குவோம். 1156-இல் எழும்பிய ஊர். மஞ்சள் மணற்கல் கோட்டைக்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப் போடுகிறார்கள். மரு மகோத்சவம் அரசின் சுற்றுலாத் துறை நடத்துவது. கடீசர் ஏரிக்கரையிலிருந்து ஊர்வலம் கிளம்பி மைதானத்துக்கு வரும். அங்கே தலைப்பாகை கட்டும் போட்டி, ஒட்டகப் போலோ, கயிறு இழுத்தல், எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டக சாகசம். 'மரு ஸ்ரீ' பட்டத்துக்கு ஆண்களும், 'மிஸ் மூமல்' பட்டத்துக்குப் பெண்களும் மேடை ஏறுவார்கள். மூமல் என்பவள் இந்தப் பக்கத்துக் காதல் கதையின் நாயகி. அவளைத் தேடி உமர்கோட்டிலிருந்து மகேந்திரன் இரவோடு இரவாக ஒட்டகத்தில் வந்து போவான். அந்த உமர்கோட் இப்போது எல்லைக்கு அந்தப்புறம்.

மீசைப் போட்டியை மட்டும் தவற விடாதீர்கள். கன்னத்தோரம் இரண்டு சுருளாகச் சுற்றி வைத்திருந்ததை ஒரு பெரியவர் நிதானமாகப் பிரித்தார். நம் பாட்டிகள் கொண்டையை அவிழ்ப்பது போலவே இருந்தது. பிரித்து முடித்ததும் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. குழந்தைகளையும் அப்பா அம்மாவையும் கூட்டிப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பகலில் 25 டிகிரியை ஒட்டித்தான் வெயில். இரவில் பத்துக்குப் பக்கத்தில் இறங்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.

எனக்கு மனத்தாங்கல் கடைசி இரவில்தான். விழாவின் உச்சமே சாம் மணல்மேட்டில் பௌர்ணமி நிலவில் கச்சேரி என்று சொல்கிறார்கள். ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். போனால் நிலவைத் தேட வேண்டியிருக்கிறது, அத்தனை ஃபிளட் லைட். நான் தங்கிய கூடார முகாமில் 'அமைதியான பாலை இரவு' என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, ஜெனரேட்டருக்குப் பக்கத்துக் கூடாரத்தைக் கொடுத்தார்கள். அடுத்த முகாமில் நள்ளிரவு வரை டிஜே. மறுநாள் கேட்டதற்கு, "சார், அது பக்கத்துக்காரங்க" என்று முடித்துக்கொண்டார்கள்.

அந்த மேடையில் மாங்கணியார்கள் பாடினார்கள். இஸ்லாமியர்கள், தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடி வருபவர்கள். அவர்களுடைய கமாய்ச்சா ஒரு வில் வாத்தியம். ஆட்டுத்தோல் போர்த்திய வட்டக் குடம், தொண்டை கட்டியவர் அடிவயிற்றிலிருந்து பாடுவது போன்ற நாதம். ஹமீரா கிராமத்துச் சாகர் கான் இதை வாசித்தே 2012-இல் பத்மஸ்ரீ வாங்கினார். மேடையில் அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம், அதிலும் ஸ்பீக்கர் கரகரத்தது. மறுநாள் பகலில் கோட்டை வாசலில் ஒருவர் தனியாக உட்கார்ந்து அதே கமாய்ச்சாவை வாசித்துக்கொண்டிருந்தார். இசைக்காகப் போகிறவர்கள் மேடையை நம்பாமல் அந்த வாசலில் காத்திருக்கலாம்.

தில்வாடாவுக்கு வருவோம். ஜோத்பூரிலிருந்து பார்மேர் போகும் வழியில், பாலோத்ராவுக்குப் பக்கத்தில், லூணி ஆற்றுப் படுகையிலேயே நடக்கும் மாட்டுச் சந்தை. பதினான்காம் நூற்றாண்டின் ராவல் மல்லிநாத் பெயரில், அவர் கோயிலை ஒட்டி. இங்கே மேடையும் கிடையாது, நிகழ்ச்சி நிரலும் கிடையாது. காங்கரேஜ் காளைகள், தார்பார்க்கர் பசுக்கள், ஒட்டகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரைகள். மல்லிநாத் பெயரால் 'மாலாணி' என்றே அழைக்கப்படும் பிரதேசம் இது, மார்வாரிக் குதிரையின் தாய்வீடு. காதுகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து நுனியில் முட்டிக்கொள்ளும்; தூரத்திலிருந்து பார்த்தால் தலைமேல் ஒரு சின்னத் தோரணம்.

வாங்க வந்தவர்கள் குதிரையைப் பார்க்கும் விதம் தனி. முதலில் ஒன்றும் பேசுவதில்லை. உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். பிறகு நெற்றி, கழுத்து, விலா என்று விரலால் தடவிச் சுழி தேடுவார்கள். ஆமாம், நம்மூரில் மாட்டுக்குப் பார்க்கும் அதே சுழி சாஸ்திரம்தான். இந்த இடத்தில் இருந்தால் யோகம், அந்த இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது. இந்தி அரைகுறையாகத் தெரிந்த நான் அதைப் புரிந்துகொண்டதும் ஒரு வியாபாரி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு குதிரையை 'ரேவால்' நடையில் விட்டுக் காட்டினார். குலுக்கலே இல்லாத ஓட்டம். ஏறி உட்கார்ந்திருந்த பையன் கையில் டீ டம்ளரைக் கொடுத்தால்கூடச் சிந்தியிருக்காது.

ஆற்றில் தண்ணீர் கிடையாது, மணல்தான். லூணி அஜ்மீர்ப் பக்கம் பிறந்து, கடலைப் பார்க்காமலே கட்ச் ரண்ணில் போய் மறைகிற ஆறு. பாலோத்ரா வரை நல்ல தண்ணீர், அதைத் தாண்டினால் உப்பு என்பார்கள். பாலோத்ராவின் சாயக்கழிவு அந்த ஆற்றை என்ன பாடு படுத்துகிறது என்பது தனிக் கதை. நொய்யலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். நிழல் குறைவு. புழுதி எக்கச்சக்கம். மார்ச் கடைசியில் வெயில் 35-ஐத் தாண்டிவிடும்; காலை பத்து மணிக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை வசதி போதாது. ஒட்டகங்களை எண்ணிப் பார்க்கப் போனால் மனம் கனக்கும்: ராஜஸ்தானில் 2012 கணக்கெடுப்பில் 3.26 லட்சம் இருந்தவை 2019-இல் 2.13 லட்சமாகிவிட்டன. 2015-இல் வந்த சட்டம் ஒட்டகத்தை வெட்டுவதைத் தடுத்தது, வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோவதையும் கட்டுப்படுத்தியது. காப்பாற்றக் கொண்டுவந்த சட்டமே வாங்க ஆள் இல்லாமல் செய்துவிட்டது என்று மேய்ப்பவர்கள் நொந்துகொள்கிறார்கள்.

கணகௌருக்கு ஜெய்ப்பூர், உதய்ப்பூர் என்றுதான் எல்லோரும் போகிறார்கள். ஜெய்ப்பூரில் திரிபோலியா வாசலிலிருந்து அரண்மனைக் கௌரி பவனி வருவாள். பார்க்க அழகு, ஆனால் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் அழகு. ஜோத்பூரில் அது வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. ஹோலிச் சாம்பலையும் மண்ணையும் சட்டியில் போட்டுக் கோதுமை விதைத்து முளைக்க விடுவார்கள். நம் முளைப்பாரியின் அக்காள் என்றே சொல்லலாம். கன்னிப் பெண்கள் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த பானைக்குள் விளக்கேற்றித் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் பாடிப்போவார்கள். 'குட்லா' என்று பெயர். இருட்டுச் சந்தில் அந்தப் பானை ஒளிப்புள்ளிகளைச் சுவரெல்லாம் தூவிக்கொண்டே நகரும்.

கணகௌர் முடிந்து பதினாறாம் நாள் வாக்கில் 'தீங்கா கவர்' இரவு. பழைய ஜோத்பூர் முழுக்கப் பெண்களின் ராஜ்யம். போலீஸ், கொள்ளைக்காரர், சிவன், ராஜா என்று வேஷம் கட்டிக்கொண்டு கையில் பிரம்போடு விடியும்வரை சுற்றுவார்கள். குறுக்கே வரும் ஆண்களுக்கு அடி நிச்சயம். அடி வாங்கிய பிரம்மச்சாரிக்குச் சீக்கிரம் கல்யாணம் என்பது நம்பிக்கை. கணவனை இழந்தவர்களும் இந்தக் கவரை வழிபடலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பெண்களாகச் சேர்ந்து போகிறீர்களா, வேறெதையும் யோசிக்காமல் இந்த இரவுக்குப் போங்கள். ஏப்ரல் வெயில் கடுமைதான், ஆனால் விழா இரவில்.

நாகௌர் மாட்டுச் சந்தையும் உண்டு. மரு மகோத்சவத்தை ஒட்டியே வரும், காளைக்குப் பேர்போனது. ஜெய்சல்மேர் போகிறவர்கள் வழியில் ஒரு நாள் ஒதுக்கலாம், சிவப்பு மிளகாய் மலைகளைப் பார்க்கவாவது. கட்ச் ரண் உத்சவத்தை நான் வசந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அது குளிர்கால விழா.

ஆக, முதல் தடவை போகிறவர்கள், குடும்பத்தோடு போகிறவர்கள் ஜெய்சல்மேருக்கே போகட்டும். சாம் வேண்டாம், ஊருக்குள்ளேயே தங்குங்கள். மற்றவர்களுக்கு என் ஓட்டு தில்வாடா, ஜோத்பூர் இரட்டைக்குத்தான். ஜோத்பூரில் அறை எடுத்து, கணகௌருக்கு முந்தின நாள் விடிகாலையில் தில்வாடா போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். வழியெங்கும் ரோகிடா மரம் ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கும். கேஜ்ரி துளிர்த்திருக்கும், நம்மூர்க் கோயில்களில் நிற்கும் வன்னி மரம்தான் அது. சாப்பாட்டில் கேர் சாங்ரி கேளுங்கள். அந்தச் சாங்ரி வன்னியின் காய். கம்பு ரொட்டியோடு, நெய் கொஞ்சம் தாராளமாக.