நைனாவோட 94 மாடல் புல்லட் - 6 வருஷம் ஓட்டிப் பாத்ததுல

மொதல்லயே சொல்லிடறேன், புது வண்டி வாங்கலாமா வேணாமான்னு பாக்கறவங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் கெடைக்காது. இது 1994 மாடல் என்ஃபீல்டு புல்லட் 350, பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின், 346 சிசி, நாலே கியர், அதுவும் வலது கால்ல. டிஎன் 23 நம்பர். எங்க நைனா புதுசா எடுத்த வண்டி. அந்த வருஷந்தான் என்ஃபீல்டு கம்பெனி ஐஷர் குரூப்போட சேந்துச்சு, "கம்பெனி கை மாறுச்சு, வண்டி எங்கைக்கு வந்துச்சு"ன்னு யார் கேட்டாலும் சொல்லுவாரு, கேக்கலன்னாலும் சொல்லுவாரு. ஜோலார்பேட்டைல இருந்து மெட்ராஸுக்கு ரயில்ல தண்ணி போச்சு பாருங்க, 2019 ஜூலை, அந்த மாசந்தான் அவரு போனாரு. நெஞ்சு வலின்னு சொன்னாரு, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அதுலேர்ந்து வண்டி எங்கிட்ட. கிட்டத்தட்ட 34,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன், அந்த அனுபவத்ததான் எழுதறேன்.

நைனா ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனில ஷிஃப்ட் சூப்பர்வைசர். வீடு வேலூர் சத்துவாச்சாரி. பெருமுகை, ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு, பாலாத்து பாலம், அந்தாண்ட ராணிப்பேட்டை, இதான் 20 வருஷமா அவரோட ரூட்டு. பஸ்ஸு நெறைய போவும், ஆனா ஷிஃப்ட் முடியற நேரத்துக்கு பஸ்ஸுக்கு நின்னா வீடு வந்து சேர எவ்ளோ நேரம் ஆகும்னு சொல்ல முடியாது, புள்ளைங்க தூங்கிடும்னு அதுக்காகவே வண்டி எடுத்தேன்பாரு. அது பாதி உண்மைதான். மீதி பாதி என்னன்னா அவருக்கு புல்லட்னா பைத்தியம். ரோட்ல ஒரு புல்லட் போனா சத்தத்த வச்சே டேப்பட் லூஸா டைட்டான்னு சொல்லுவாரு, சொல்லிட்டு அம்மா மொகத்த பாப்பாரு, அம்மா கண்டுக்கவே மாட்டாங்க.

இப்ப வண்டிக்கு வர்றேன்.

ஸ்டார்ட் பண்றது. செல்ஃப் கெடையாது, கிக்கர் மட்டுந்தான், அதுக்கும் ஒரு மொற இருக்கு. சாவி போட்டா அம்மீட்டர் முள்ளு மைனஸ் பக்கம் சாயும், கிக்கர மெதுவா அழுத்திக்கினே போனா ஒரு எடத்துல கால் நிக்கும், அங்க டிகம்ப்ரஸர் லீவர, அதாவது என்ஜின் உள்ள இருக்கற அழுத்தத்த வெளிய உடற லீவர, புடிச்சி இன்னும் இத்துனூண்டு எறக்கணும், முள்ளு நடுவுக்கு வந்துடும். பாயிண்ட், அதாவது ஸ்பார்க் வர்றதுக்காக தொறந்து மூடற காண்டாக்ட், தொறந்துக்கிச்சுன்னு அர்த்தம். லீவர விட்டுட்டு கிக்கர மேல வர உட்டு ஒரே மிதி, அவசரப்படாம முழுசா. நைனா 60 வயசுல செருப்போட ஒரே மிதில எடுப்பாரு. நான் மொத மூணு மாசம் ஷூ போட்டு முப்பது மிதி மிதிச்சேன். ஒரு தடவ டைமிங் கொஞ்சம் முன்னாடி இருந்துச்சு போல, கிக்கர் திருப்பி அடிச்சி கணுக்கால் ரெண்டு வாரம் வீங்கிக் கெடந்துச்சு. கொசப்பேட்டைல எங்க மெக்கானிக் அண்ணன் பாயிண்ட் கேப் 0.35 மில்லிமீட்டர் வச்சிக் குடுத்துட்டு "இனிமே அடிக்காது, ஆனா நீ பயந்துக்கினு அரை மிதி மிதிச்சா அடிக்கும்"னாரு. வாஸ்தவந்தான். இப்ப ரெண்டாவது மிதில எடுத்துடறேன், குளிர்காலத்துல நாலு.

ஓட்டறதுக்கு எப்படின்னா, 50ல போனா ராஜா. 60 பரவால்ல. 70 தாண்டுனா கண்ணாடில ஒண்ணும் தெரியாது, எல்லாம் ரெண்டு ரெண்டா ஆடும், கை மரத்துப் போவும். ஹைவேல லாரிக்காரனே ஹார்ன் அடிச்சி ஓரங்கட்ட சொல்லுவான். மைலேஜ் வேலூர் டவுனுக்குள்ள 28லேர்ந்து 30, ஹைவேல 50லயே போனா 35 வரைக்கும் வருது. பிரேக் சுமார்தான், முன்னாடியும் டிரம்மு பின்னாடியும் டிரம்மு, நிக்கும், ஆனா நிக்கணும்னு நீங்க முன்கூட்டியே முடிவு பண்ணியிருக்கணும். அதுல பெரிய வம்பு என்னன்னா பிரேக் இடது கால்ல. ஆபீஸுக்கு வேற பைக் ஓட்டற கால் ஆச்சே, பழக்கம் போகாது. ஒரு நாள் கிரீன் சர்க்கிள் கிட்ட முன்னாடி டவுன் பஸ்ஸு டக்குனு நின்னான், நான் பழக்கத்துல வலது கால அமுக்கறேன், அமுக்குனா இதுல மேல் கியர் இல்ல விழும்! பஸ்ஸு பம்பர் என் ஹெட்லைட்டுக்கு ஒரு ஜாண் தூரம். அன்னிலேர்ந்து வாரத்துல ரெண்டு நாளாச்சும் இத எடுக்கணும்னு வச்சிக்கினேன், கேப் உட்டா கால் மறந்துடுது.

ஒண்ணே ஒண்ணு இந்த காலத்து வண்டில கூட கெடையாது. நியூட்ரல் ஃபைண்டர். குதிகால்ல ஒரு குட்டி லீவர், நாலுல இருந்தாலும் மூணுல இருந்தாலும் கிளட்ச் புடிச்சி ஒரு அமுக்கு, நேரா நியூட்ரல். சின்ன வயசுல நான் டேங்க் மேல ஒக்காந்திருப்பேன், சிக்னல் வந்தா "அமுக்கட்டா நைனா"ன்னு கேப்பேன், என் கால் எட்டவே எட்டாது, அவரே அமுக்கிட்டு "நீதான்டா அமுக்குன"ன்னுவாரு.

ஆயில் ஒழுகும். கேக்கவே வேணாம். என்ஜின், பிரைமரி செயின் பெட்டி, கியர்பாக்ஸ் மூணுக்கும் தனித்தனியா ஊத்தணும், மூணும் தனித்தனியா ஒழுகும். ஒழுகலன்னா உள்ள ஆயில் இல்லன்னு அர்த்தம்னு புல்லட்காரங்க சொல்லி சொல்லி தேஞ்சி போன ஜோக் ஒண்ணு இருக்கு. எங்க வீட்ல வண்டி நிக்கற எடத்துல அம்மா ஒரு பழைய அலுமினியத் தட்டு வச்சிருப்பாங்க. 2019ல வண்டி ஒரு மாசம் எடுக்காம நின்னப்பகூட ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்த தட்ட கழுவி திரும்ப அதே எடத்துல வச்சாங்க.

சரி, நான் பண்ண தப்ப சொல்றேன், இத எழுத ஒக்காந்ததே அதுக்குத்தான். மொத வருஷம் வண்டிய புதுசு மாதிரி ஆக்கறேன்னு பட்டறைக்கு குடுத்துட்டேன். 28,000 ரூபா செலவு. குரோம் எல்லாம் புதுசு, டேங்க் புது பெயிண்ட்டு, தங்கக்கோடு கையால போட்டது, பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். பெயிண்டர் தம்பி நல்ல வேலக்காரன், அவன் மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா டேங்க் மேல ஒரு பசைக் கறை இருந்துச்சு, சதுரமா, ஒரு உள்ளங்கைய விட கொஞ்சம் பெருசு. நான் ஒக்கார நைனா ஃபேக்டரி கட்பீஸ் தோல வாங்கி உள்ள ஸ்பாஞ்ச் வச்சி ஒட்டியிருந்த எடம். நான் வளந்தப்புறம் பிச்சி எடுத்துட்டாரு, கறை மட்டும் போவல. தம்பி அத சுரண்டி, பட்டி பாத்து, தேச்சி, கண்ணாடி மாதிரி பண்ணிக் குடுத்துட்டான். "அண்ணே ஒரு அசிங்கமான கறை இருந்துச்சு, அதுக்கு மட்டும் அரை நாள் ஆச்சு"ன்னு சந்தோஷமா சொல்றான். நான் என்ன சொல்றது, சூப்பர் தம்பின்னு சொல்லி காசு குடுத்துட்டு வந்துட்டேன்.

கறை மட்டும் இல்ல. ஹேண்டில்பார் ஏன் இப்படி கோணலா இருக்குன்னு நெனச்சி நேராக்குனேன், அப்பறந்தான் புரிஞ்சது, ரெண்டு கைக்கு நடுவுல ஒரு புள்ள ஒக்கார எடம் வேணும்னு அவரு தூக்கி மடக்கி வச்சிருந்தாரு. பின்னாடி சாரி கார்டும் அதுக்கு கீழ கால் வைக்கற பிளேட்டும் துருப்புடிச்சி இருந்துச்சு, அத கழட்டி போட்டுட்டு வண்டி சிக்குனு இருக்கணும்னு அப்படியே உட்டுட்டேன். பட்டறைக்காரங்க காயலான் கடைக்கு போட்டுட்டாங்க, ஆறு மாசம் கழிச்சி போய் கேட்டா அங்க எப்படி இருக்கும். சீட்டு மட்டும் தப்பிச்சது. அதுவும் அவரு வாங்கியாந்த தோல்தான், லாங் பஜார் பக்கம் ஒருத்தர்கிட்ட குடுத்து தைச்சது, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு ஒரு தையல் உடல. அத பட்டறைக்கு எடுத்துக்கினு போறப்ப அம்மா வந்து வாசல்ல நின்னுக்கினு "அது நல்லாத்தான கீது"ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. வெயில் காலத்துல வெளிய நிறுத்திட்டு வந்து ஒக்காந்தா வெந்துடும், வேலூர் வெயில சொல்லணுமா, ஒரு ஈரத்துணி எப்பவும் சைடு பாக்ஸ்ல வச்சிருக்கேன்.

மலைக்கு போற அனுபவம் கேட்டீங்கன்னா, ஏலகிரி நல்லா ஏறும். 14 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்ல தம்பிடிக்காம ஏறிடும், எறங்கறப்பதான் பிரேக் சூடாகும், கியர்ல புடிச்சிதான் எறக்கணும். வளைவுக்கெல்லாம் புலவர் பேரு, வள்ளல் பேருன்னு போர்டு வச்சிருப்பாங்க, நைனா ஒவ்வொண்ணுலயும் வேகத்த கொறச்சி எங்கள சத்தமா படிக்க சொல்லுவாரு. நாங்க நாலு பேரு ஒரே வண்டில, நான் டேங்க்ல, அக்கா நடுவுல, அம்மா பின்னாடி கட்டுச்சோத்து பையோட. இப்ப செஞ்சா ஃபைன்தான், செய்யவும் கூடாது, அப்ப யாரு கேட்டாங்க.

காவலூருக்கும் ஒரு வாட்டி போனோம். ஜவ்வாது மலைல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு இல்ல, 2.3 மீட்டர் டெலஸ்கோப் இருக்கற எடம், சனிக்கெழம சாயங்காலம் ஜனங்கள பாக்க உடுவாங்க, வேற சின்ன டெலஸ்கோப்ல வானத்த காட்டுவாங்க. எனக்கு அப்ப பதினோரு வயசு, சனி கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு ஸ்கூல்ல சொன்னத வந்து சொன்னேன், அடுத்த சனிக்கெழமையே வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா இட்டுக்கினு போயிட்டாரு. நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து நாலு மணி நேரம் தூங்குன மனுஷன். போனா ஃபுல்லா மேகம். ஒரு நட்சத்திரம் கூட தெரியல. திரும்பி வர்ற வழில பாயிண்ட் வேற மக்கர், ரோட்டோரம் உக்காந்து நான் டார்ச் புடிக்க அவரு தீப்பெட்டி அட்டையில தேச்சி சரி பண்ணாரு. "இன்னா நைனா ஒண்ணுமே பாக்கல"ன்னேன். "பாயிண்ட்ல ஸ்பார்க்கு பாத்த இல்ல, போதும் போ"ன்னாரு. கடுப்பாத்தான் இருந்துச்சு எனக்கு.

ராத்திரி வர்றத பத்தி சொல்லணும். ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சி பதினொன்ர பன்னெண்டுக்கு வருவாரு. தெரு முனையிலயே டிகம்ப்ரஸர புடிச்சி என்ஜின ஆஃப் பண்ணிட்டு, 160 கிலோ சொச்சம் வண்டிய வீடு வரைக்கும் தள்ளிக்கினு வருவாரு. புள்ளைங்க முழிச்சிக்கும், தெருவுல பெரியவங்க இருக்காங்கன்னு. நானும் இப்ப அதையேதான் பண்றேன், என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. ஒரு நாள் அப்படி தள்ளிக்கினு வந்தா அம்மா கதவ தொறந்து வச்சிக்கினு நிக்கறாங்க. சத்தமே வரலயே எப்படிமான்னா, "ஏன் வரல, அந்த முனைல நிக்கற சத்தம் வரும் இல்ல. அவரு வந்தப்ப எல்லாம் முழிச்சிக்கினுதான் இருப்பேன், தள்ளிக்கினு வர்றாரே பாவம்னு தூங்கற மாதிரி படுத்துக்குவேன்"னாங்க.

பேப்பர் விஷயம், இது சில பேருக்கு உபயோகமா இருக்கும். வண்டி ஓனர் எறந்துட்டா ஆர்சி மாத்த ஃபார்ம் 31, கூட வாரிசு சான்றிதழ், இறப்பு சான்றிதழ், மத்த வாரிசுங்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து போட்டது, இன்சூரன்ஸ், எல்லாம் வேணும். மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், துக்கத்துல உட்டுடாதீங்க, அப்பறம் அலைச்சல். 15 வருஷம் தாண்டுன வண்டின்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்சி புதுப்பிக்கணும், கிரீன் டாக்ஸும் உண்டு. நைனா 2019 மார்ச்லயே புதுப்பிச்சி வச்சிட்டுதான் போனாரு. அதனால 2024 வரைக்கும் எனக்கு அந்த வேலையே இல்ல. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, பழைய ரப்பரெல்லாம் சீக்கிரம் போயிடும்னு மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் டியூப மாத்திட்டாரு, ரொம்ப நாள் எடுக்கலன்னா டேங்க்ல பெட்ரோல வச்சிருக்காதன்னும் சொல்லியிருக்காரு. ஸ்பேர் கெடைக்குது, காஸ்ட் அயர்ன் பார்ட்ஸ் விக்கறவங்க இன்னும் இருக்காங்க, ஆனா தரம் முன்ன மாதிரி இல்ல, புதுசா போட்ட பாயிண்ட் செட் எட்டு மாசம் கூட வரல.

டெய்லி ஆபீஸ் போக வாங்கலாமான்னு கேட்டா, வாங்காதீங்க. இத வச்சிக்க ஒரு காரணம் இருந்தா தவிர இத வச்சிக்க முடியாது.

அம்மா 2019க்கு அப்பறம் இந்த வண்டில ஏறவே இல்ல. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப ஊரே போய் பாலத்துல நின்னுச்சு, எத்தன வருஷம் கழிச்சி அவ்ளோ தண்ணி, வாம்மா போயிட்டு வரலாம்னு வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கினு கூப்ட்டேன். ஆட்டோல வர்றேன்னுட்டாங்க. நானும் கம்பெல் பண்ணல. இந்த பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு காட்பாடி போவணும், ஆட்டோ கெடைக்கல, அவங்களா வந்து சீட்டுல கை வச்சி பாத்துட்டு ஏறி ஒக்காந்தாங்க, ஒருபக்கமா. ஒக்காந்ததும் இடது கால் கீழ எதையோ தேடுது. தொழாவுது. அந்தரத்துல நிக்குது. "கால் வக்கிற பிளேட்ட இன்னாடா பண்ண?"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. காட்பாடி வரைக்கும் கால மடக்கிக்கினே வந்தாங்க.

அடுத்த வாரமே சத்துவாச்சாரில ஒரு வெல்டிங் கடைல சொல்லி பிளேட் அடிச்சேன், 450 ரூபா. பழைய ஃபோட்டோ ஒண்ணு இருக்கு, அக்கா காதுகுத்துல எடுத்தது, அதுல வண்டி ஓரமா தெரியுது, அத ஃபோன்ல பெருசு பண்ணி காட்டி அளவு சொன்னேன். போட்டு எடுத்துக்கினு வந்து அம்மாவ ஒக்கார சொன்னேன். ஒக்காந்தாங்க, கால வச்சாங்க, ரெண்டு தரம் எடுத்து எடுத்து வச்சி பாத்தாங்க.

"ஒரு ரெண்டு வெரக்கட ஒசரமா கீதுடா"ன்னாங்க.

ஞாயித்துக்கெழம மறுபடி வெல்டிங் கடைக்கு போவணும்.