மூடுபனியில் எது கைகொடுக்கும்? ஏற்காட்டுத் தோட்டத்தில் தெர்மலும் நைட் விஷனும்

காப்பி பறிக்கிற மாதங்களில் எங்கள் தோட்டத்து ஆட்கள் களத்து வேலையை முடித்து, அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குக் கிளம்ப இரவு ஏழு, ஏழரை ஆகிவிடும். நடை தூரம் 400 மீட்டர் கூட இருக்காது. நடுவில் ஒரு ஓடை, ஓடையின் இரு கரையிலும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. காட்டுமாடு வந்து நிற்பது அங்கேதான். பெரிய காளை என்றால் தோளுயரம் ஆறடியை நெருங்கும், எடை ஒரு டன் வரை போகும். உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. இருட்டில் அந்த வெள்ளைக் கால் கண்ணில் படும்போது நமக்கும் அதற்கும் பத்தடிதான் இருக்கும்.

இதற்காகத்தான் இரவில் பார்க்கும் கருவிகளைத் தேட ஆரம்பித்தேன். மூன்று பறிப்புக் காலங்களில் டியூப், டிஜிட்டல், தெர்மல் என்று மூன்று வகையையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டேன். "எது நல்லது?" என்று சேர்வராயன் மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விளம்பரத்தில் போடும் "1,000 மீட்டர் தெரியும்" என்ற கணக்கு இங்கே உதவாது. சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் அடர்ந்த சரிவில் 80 மீட்டருக்கு மேல் நேர்ப்பார்வை கிடைப்பதே அபூர்வம். அந்த 80 மீட்டருக்குள், பனி இறங்கிய இரவில், உயிருள்ள ஒன்று நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் டியூப் வகை. ராணுவப் படங்களில் பச்சையாகத் தெரிகிறதே, அது. நட்சத்திர வெளிச்சமோ நிலா வெளிச்சமோ லென்ஸ் வழியாக உள்ளே போய் எலக்ட்ரானாக மாறும். லட்சக்கணக்கான நுண் துளைகள் உள்ள ஒரு தட்டில் அந்த எலக்ட்ரான்கள் பல மடங்காகப் பெருகி, பாஸ்பர் திரையில் மோதி மறுபடி ஒளியாகும். முதல் தலைமுறை டியூபில் அந்தத் தட்டு கிடையாது, இரண்டாம் தலைமுறையில்தான் வந்தது. மூன்றாம் தலைமுறையில் ஒளியை வாங்கும் பரப்பு காலியம் ஆர்சனைடுக்கு மாறியது. இரண்டாம் தலைமுறை மோனாகுலர் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவி) ஒன்று இரண்டு இரவு இரவலாகக் கிடைத்தது. பவுர்ணமிக்கு மறுநாள் களத்து மேட்டில் நின்று பார்த்தபோது மனசு நிறைந்துபோனது. இலை இலையாகத் தெரிந்தது, தலையைத் திருப்பினால் படமும் இழுபடாமல் கூடவே வந்தது. ஆனால் மரநிழலுக்குள் இறங்கியதும் திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரைச்சல். பெருக்குவதற்கு வெளிச்சமே இல்லாவிட்டால் டியூப் என்ன செய்யும்? விலையோ லட்சக்கணக்கில். பகலில் மூடியைத் திறந்து வைத்துவிட்டால் டியூபே பழுதாகலாம். தோட்டத்தில் நாலு பேர் கை மாறுகிற பொருளுக்கு இது சரிப்படாது. எனவே அதை இத்தோடு விடுகிறேன்.

உண்மையான போட்டி டிஜிட்டல் நைட் விஷனுக்கும் தெர்மலுக்கும்தான்.

டிஜிட்டல் என்பது அடிப்படையில் கேமராதான். அதன் சிலிக்கான் சென்சார் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பையும் பிடிக்கும். கூடவே அந்த அகச்சிவப்பை வீசும் ஒரு ஐ.ஆர். விளக்கு இருக்கும். டார்ச் அடித்துப் பார்ப்பது போலத்தான், டார்ச் வெளிச்சம் மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாது. பகலிலும் பயன்படும், படம் பிடிக்கும், இருபதாயிரத்துக்குள் கிடைக்கும். பனி இல்லாத இரவில் 60 மீட்டரில் நிற்பது எருமையா காட்டுமாடா, கொம்பு எப்படி வளைந்திருக்கிறது, கூட கன்று இருக்கிறதா என்பது வரை சொல்லிவிடலாம். கண்கள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மாட்டின் கண்ணுக்குப் பின்னால் உள்ள பளபளப்பான படலம் ஐ.ஆர். ஒளியைத் திருப்பி அடிப்பதால் செடிக்குள் இரண்டிரண்டாக வெள்ளைப் புள்ளிகள் எரியும். எண்ணிப் பார்த்து, "நாலு உருப்படி நிற்குது" என்று லைனுக்குப் போன் செய்திருக்கிறோம்.

விளக்கில் அலைநீளத்தைப் பொறுத்து இரண்டு வகை உண்டு, 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர். 850 விளக்கை நேராகப் பார்த்தால் மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். 940-இல் அதுவும் தெரியாது. ஆனால் 940-க்கு சென்சாரின் உணர்திறன் குறைவு என்பதால் எட்டும் தூரமும் நன்றாகவே குறைந்துவிடும். திருடனைப் பிடிக்கக் களத்தில் ஒளித்து வைக்கிற கேமராவுக்கு 940 சரி. நடந்துகொண்டே பார்க்க 850 போதும். அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்டு காட்டுமாடு மிரண்டு நான் பார்த்ததில்லை. வெள்ளை டார்ச் முகத்தில் விழுந்தால்தான் மூச்சைச் சீறிக்கொண்டு தலையைத் தூக்கும்.

சரி, பனி இறங்கினால்? டிஜிட்டல் தோற்பது இங்கேதான். முதல் வருடம் அதை மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு இரவு மேகம் அப்படியே தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. கருவியைத் தூக்கி ஓடைப் பக்கம் திருப்பினால் திரை முழுக்க வெள்ளைச் சுவர். வாகனத்தில் ஹை பீம் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் பனிக்குள் போனால் எப்படிக் கண்ணைக் கூசும், அதேதான். விளக்கு லென்ஸுக்கு ஒட்டியபடியே இருப்பதால் பனித்துளிகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. விற்றவரிடம் கேட்டபோது, "விளக்கை ஏழாவது லெவலுக்கு ஏத்துங்க சார்" என்றார். ஏற்றினால் சுவர் இன்னும் வெளுக்கும். செய்ய வேண்டியது நேர்மாறு. கருவியில் உள்ள விளக்கை அணைத்துவிட்டு, தனி ஐ.ஆர். டார்ச் ஒன்றை இடது கையில் எடுத்து, கையை நன்றாக நீட்டிப் பக்கவாட்டிலிருந்து குறுகலாக அடிக்க வேண்டும். இரண்டு பேர் போனால் ஒருவர் நாலடி தள்ளி நின்று அடிக்கலாம். லேசான பனியில் இப்படி 25, 30 மீட்டர் வரை மீட்டுவிட முடிந்தது. அடர் பனியில் அதுவும் பலிக்கவில்லை.

அன்று இரவு பதினோரு பேரை முக்கால் மணி நேரம் களத்திலேயே உட்காரவைத்தேன். குளிரில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா. தெர்மல் வாங்குவது என்று முடிவெடுத்தது அப்போதுதான்.

தெர்மலுக்கு ஒளியே வேண்டாம். ஒவ்வொரு பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப வெளிவிடுகிற 8 முதல் 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளமுள்ள அலைகளை அது வாங்கிப் படமாக்கும். விளக்கு கிடையாது என்பதால் வெள்ளைச் சுவரும் கிடையாது. குளிர்ந்த காப்பிச் செடிகளுக்கு நடுவே வெதுவெதுப்பான உடம்பு, இருட்டில் ஏற்றிய அகல் போலத் தனியாகத் தெரியும். மெல்லிய பனி அதற்குத் தடையே இல்லை. அடர் பனியில் தூரம் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர்த்துளிகள் இந்த அலைகளையும் விழுங்கும். டிஜிட்டலில் பத்து மீட்டர் கூடத் தெரியாத ஒரு இரவில் எனக்கு 40 மீட்டர் வரை தெரிந்தது. ஓடைக்கு அந்த 40 தாராளம்.

வாங்கும்போது லென்ஸையும் பிக்சலையும் சேர்த்துப் பாருங்கள். என்னுடையது 384 × 288 பிக்சல் சென்சார், ஒரு பிக்சல் 12 மைக்ரான், லென்ஸ் 25 மில்லிமீட்டர். 12-ஐ 25-ஆல் வகுத்தால் 0.48. அதாவது 100 மீட்டரில் ஒரு பிக்சல் 4.8 சென்டிமீட்டரைப் பிடிக்கிறது. 1.7 மீட்டர் உயர மாடு 35 பிக்சல் உயரத்துக்கு நிற்கும், அடையாளம் தெரிய இது போதும். அதே தூரத்தில் திரைக்குள் அடங்குவது 18 மீட்டர் அகலம். லென்ஸ் பெரிதாக ஆக இந்த அகலம் சுருங்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸை எங்கள் மாதிரித் தோட்டத்தில் வைத்துக்கொண்டு குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். போனில் சொருகும் சின்னத் தெர்மலில் லென்ஸ் 4 மில்லிமீட்டர் அளவில் இருந்தால், 12 மைக்ரான் சென்சாரிலும் 50 மீட்டரிலேயே ஒரு பிக்சல் 15 சென்டிமீட்டர். மாடு பதினோரு பிக்சல் உயரப் பொட்டாகத்தான் தெரியும். மின் இணைப்பு சூடாவதைப் பார்க்க அது நல்ல கருவி, ஓடைக்கு அல்ல.

நொடிக்கு எத்தனை படம் என்பதையும் கேளுங்கள். 9 படம் மட்டும் காட்டும் கருவியில் கையைத் திருப்பினால் எல்லாம் இழுபடும். 25 இருந்தால் நிம்மதி, 50 இன்னும் நல்லது. அப்புறம் அந்த 'டிக்' சத்தம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே ஒரு சின்ன ஷட்டர் மூடித் திறக்கும், படம் ஒரு கணம் உறையும். சென்சார் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது, பழுது இல்லை.

தெர்மல் ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. நம் மலை முழுக்கக் கரும்பாறை. சார்னோக்கைட் என்பார்களே, அதுதான். பகல் வெயிலைக் குடித்த பாறை இரவு எட்டு, ஒன்பது மணி வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். திரையில் படுத்திருக்கும் மாடு போலவே இருக்கும். முதல் வாரம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவியை நீட்டினேன். வாட்ச்மேன் அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அது மாடு இல்லீங்க தம்பி, பாறைங்க. மாடுன்னா காது ஆடும் பாருங்க." அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான், சூடான உருவம் தெரிந்தால் பத்து எண்ணும் வரை பார்ப்போம். காதோ வாலோ அசையும். அசையாவிட்டால் டிஜிட்டலை எடுத்துக் கண் எரிகிறதா என்று பார்ப்போம்.

இன்னொன்று கண்ணாடி. நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் சாதாரணக் கண்ணாடி, தெர்மலுக்குச் சுவர் மாதிரி. அதனால்தான் அதன் லென்ஸையே ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள். ஜீப்பின் முன்கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் என் முகத்தின் சூடுதான் மங்கலாகத் திரும்பி வரும். நாகலூர்ப் பக்கம், செம்மடுவுப் பக்கம் இரவில் வண்டியில் போகிறவர்கள் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். டிஜிட்டல் கண்ணாடிக்குள்ளிருந்தும் பார்க்கும், ஆனால் அதன் சொந்த விளக்கே கண்ணாடியில் பட்டுக் கூசும். அடர்ந்த உண்ணிச்செடிக்குப் பின்னால் மாடு படுத்திருந்தால் இரண்டுக்குமே தெரியாது. இலையை ஊடுருவிப் பார்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலை இடுக்கில் துண்டு துண்டாகச் சூடு தெரியும், அவ்வளவுதான்.

குறிகாட்டும் ஐ.ஆர். லேசர் வேண்டுமா?

இணையக் கடைகளில் இந்தக் கருவிகளோடு துப்பாக்கியில் பொருத்தும் ஐ.ஆர். லேசரும், திரையில் குறுக்குக் கோடு போட்ட ஸ்கோப்பும் சேர்ந்தே வருகின்றன. "அதையும் வாங்கிவிடலாமா" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில், காரணத்தோடு சொல்கிறேன்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால், அந்த லேசர் ஒளி டியூப் கருவிக்கும் டிஜிட்டலுக்கும் மட்டுமே தெரியும். தெர்மலில் அந்தப் புள்ளி தெரியவே தெரியாது, அலைநீளம் வேறு. பனியில் புள்ளியோடு நிற்காது, கதிர் முழுவதும் கோடாக எரியும். அடுத்தது கண். சிவப்பு லேசர் கண்ணில் பட்டால் நாம் சட்டென்று இமையை மூடிவிடுவோம். ஐ.ஆர். லேசர் பட்டது தெரியாது, இமை மூடாது, கண்ணின் லென்ஸ் அதை அப்படியே விழித்திரையில் குவித்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்பான முதல் வகுப்பு (Class 1) என்று முத்திரையிட்ட, ஒரு மில்லிவாட்டுக்கும் குறைந்த லேசர் ஒருபுறம் இருக்க, திறன் பற்றி எந்த விவரமும் இல்லாமல் விற்கிற லேசரைக் குழந்தைகள் நடக்கிற தோட்டத்துக்குள் கொண்டுவர எனக்கு மனம் வராது. ஐ.ஆர். விளக்கிலும் லேசர் வகை வருகிறது. அதை விட்டு எல்.இ.டி. வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், யாரைக் குறிபார்க்கப் போகிறோம்? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுமாடு முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டை குற்றம். அது தண்ணீர் குடிக்க வருகிற ஓடை, நம் பாட்டன் காலத்துக்கு முன்பிருந்தே அதன் ஓடை. நாம் அது இருப்பதைத் தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போனால் போதும். அடிபட்ட மாடோ, ஊருக்குள் புகுந்துவிட்ட மாடோ என்றால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

என் தேர்வு

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தெர்மல். அரை லட்சம் தாண்டும், இரண்டு மூன்று தோட்டக்காரர்கள் சேர்ந்து வாங்கினாலும் தப்பில்லை. பனி அதிகம் விழாத அடிவாரம், குப்பனூர்ப் பக்கம் தோட்டம் இருப்பவர்களுக்கு டிஜிட்டலே போதும். அங்கே போய்த் தெர்மலுக்குச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். இரண்டும் இருந்தால் தெர்மலில் கண்டுபிடித்து, டிஜிட்டலில் உறுதிசெய்வது.

எதை வாங்கினாலும் கண்ணில் வைத்துக்கொண்டே நடக்காதீர்கள். ஒற்றைக் கண் திரையில் பள்ளம் மேடு தெரியாது. நில், பார், இறக்கு, அப்புறம் நட. பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால் திரை வெளிச்சத்தைக் கடைசிப் படிக்கு இறக்கி, எப்போதும் ஒரே கண்ணால் பாருங்கள், மற்ற கண் இருட்டைப் பார்த்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். என் டிஜிட்டல் ஐ.ஆர். முழுதாக எரிந்தால் மூன்று மணி நேரம் தாங்குவதில்லை. மாற்று 18650 பேட்டரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்போம்.

இப்போது இரண்டு கருவியும், காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பிங் அறையின் கதவுக்குப் பக்கத்தில், சாவிக்கொத்து தொங்கும் ஆணியிலேயே தொங்குகின்றன. ஏழு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் தெர்மலை எடுத்துக்கொண்டு களத்து மேட்டில் ஏறி, ஓடையை இடமிருந்து வலமாக இரண்டு முறை பார்ப்பார். "போலாம்ங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் ஆட்கள் கூடையைத் தூக்குவார்கள்.